கழுத்து நோவோட திரும்பவும் ஊசி பிடிக்கலாமோ? பாயில இருந்து தைக்கிற ஆக்களிட்டக் கேக்கிறன்

வட்டக்கச்சி அக்கா

எல்லாருக்கும் வணக்கம். தைக்காம இருக்கிறது எப்பிடி எண்டு எனக்கு நிறையப் பேர் சொல்லியாச்சு. ஆஸ்பத்திரியில சொன்னவை, தங்கச்சி சொன்னவள், பக்கத்து வீட்டு மாமி வேலியால எட்டிப் பாக்கிற நேரமெல்லாம் சொல்லுறா. நான் கேக்க வந்தது தைக்கிறது எப்பிடி எண்டு.

வயது ஐம்பதைத் தாண்டீட்டுது. ஊசி வேலை சின்னனில கன்னியர் மடத்தில பழகினது. சங்கிலித் தையல், காம்புத் தையல், மீன்முள்ளுத் தையல், நிரப்புத் தையல் எல்லாம் ஒரு வெள்ளைத் துண்டில போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தா, சிஸ்ரர் முன்பக்கத்தைப் பாக்கவே மாட்டா. திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பாப்பா. பின்னுக்கு நூல் தாவிக் கிடந்தா கத்தரிக்கோலால நறுக்கெண்டு வெட்டிப்போட்டுத் திரும்பத் தருவா. அந்தக் கை எனக்கு இப்பவும் இருக்கு.

கலியாணத் தலகணி உறை, குழந்தைப் பிள்ளையளின்ர சட்டைக் கழுத்து, மேசை விரிப்பு எண்டு ஓடர் எடுத்துத் தைச்சுத்தான் பிள்ளையளைப் படிப்பிச்சது. செட்டிகுளம் அகதி முகாமில இருக்கேக்கையும் ஊசி கையிலதான். நூல் இல்லாத நேரம் பழைய சீலைக் கரையில இழை உருவித் தைச்சனான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாப் பிடரி இறுகத் தொடங்கினது. முதல்ல பின்னேரத்தில மட்டும். பிறகு காலமை எழும்பேக்கயே. கழுத்தில தொடங்கி, வலத் தோள்ப்பட்டைக்கு உள்ளால இறங்கி, நாரியில வந்து குந்தும். எக்ஸ்றே எடுத்துப் பாத்து, கழுத்து எலும்பு தேஞ்சிருக்கு எண்டு ஒரு கழுத்துப்பட்டியும் குளிசையும் தந்தவை. “இனித் தையல் வேலை செய்யாதேங்கோ.” நான் வாயைத் திறக்க முதல் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாச்சு.

விட்டன். நூல் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைச்சிட்டன். விட்டதால நோ போனதோ எண்டு கேட்டா, போகேல்லை. நோவும் இருக்கு, தையலும் இல்லை.

இப்ப எங்கட சின்னக் கோயிலுக்குப் பீட விரிப்பு ஒண்டு வேணுமாம். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு. மெசினில அடிச்சது கடையில வாங்கலாம், எங்களுக்குக் கைவேலைதான் வேணும் எண்டு கேக்கினம். வெள்ளைப் பருத்தித் துணி, முன்பக்கம் தொங்கிற கரை முழுக்கக் கோதுமைக் கதிரும் முந்திரிகைக் குலையும். நான் ஓம் எண்டிட்டன்.

நான் இருக்கிற விதத்தையும் சொல்லுறன். விறாந்தையில பாய் போட்டு, தூணில சாஞ்சு, ஒரு காலை மடக்கி மற்றக் காலை நீட்டி, பிறேம் மடியில. வெளிச்சம் அங்கதான் நல்லம். வீட்டில இருக்கிறது கை வைச்ச பிளாஸ்ரிக் கதிரை. அதில இருந்தா பிறேம் கதிரைக் கையில இடிக்கும், ஆளும் சறுக்கிச் சறுக்கிக் கீழ போவன்.

இன்னொண்டு. வலத் தோள்ப்பட்டைக்குக் கீழ ஒரு சின்னப் பீஸ், செல் துண்டு, இருக்கு. 2009 சண்டையில உள்ள போனது. எடுக்கத் தேவையில்லை எண்டு விட்டவை. நோ அதாலதான் எண்டு சில பேர், அதால இல்லை எண்டு சில பேர்.

பாயை விடத்தான் வேணுமோ? பிறேமை எப்பிடி வைக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தைக்கலாம்? தைலம் பூசச் சொல்லிற ஆக்கள் கோவிக்காதேங்கோ, வீட்டில சித்தாலேப டப்பா வெறுமையாக் கிடக்கிறது ஒரு பெட்டி நிறைய.

வான்காரன்

அக்கா எனக்கும் உதே கழுத்துத்தான். ஏ9 றோட்டில வான் ஓடி ஓடி வந்தது. ஏன் இந்த வயதில கஸ்ரப்படுறியள்? கிளிநொச்சி ரவுணில கொம்பியூட்டர் மெசினில கதிரும் குலையும் ஒரு நாளில அடிச்சுத் தருவாங்கள். ஆருக்குத் தெரியப் போகுது?

வட்டக்கச்சி அக்கா

தம்பி, நோ எண்டு நீர் வான் ஓடுறதை விட்டிட்டீரோ?

வான்காரன்

விட்டா ஆர் அக்கா சோறு போடுறது. சரி சரி விளங்குது. ஆரும் மறுமொழி சொன்னா எனக்கும் உதவும், பாத்துக்கொண்டு இருக்கிறன்.

வவுனியா பிசியோ

அக்கா, எக்ஸ்றேயில இருந்து தொடங்குறன். ஐம்பது வயதுக்குப் பிறகு எக்ஸ்றே எடுத்தா நோவே இல்லாத ஆக்களின்ர கழுத்திலயும் தேய்வு தெரியும். தலை நரைக்கிற மாதிரி அது. அதை வைச்சு மட்டும் “இனித் தைக்கேலாது” எண்டு முடிவு கட்டேலாது. கழுத்துப்பட்டியை நோ கடுமையான நாளில கொஞ்ச நேரம் போடுங்கோ. நாள் முழுக்கப் போட்டுப் பழகினா கழுத்துத் தசை வேலை செய்ய மறந்துபோகும். பிறகு பட்டி இல்லாம இருக்கேலாமப் போயிடும்.

பாய் பிரச்சினை இல்லை. தலை எங்க பாக்குது எண்டதுதான் பிரச்சினை. நிமிர்ந்து இருக்கேக்க தலை 5 கிலோ அளவு. 2014 இல ஒரு முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் போட்ட கணக்கில, 30 பாகை குனிஞ்சா கழுத்தில விழுற சுமை 18 கிலோ, 45 பாகையில 22, 60 பாகையில 27. அது கணக்குப் போட்டுப் பாத்தது, ஆளில வைச்சு அளந்தது இல்லை. எண்டாலும் போக்கு விளங்கும். மடியில கிடக்கிற பிறேமைப் பாக்க நீங்கள் 45 க்குக் குறையாமத்தான் குனிவியள். தலை துணிக்கு இறங்கக் கூடாது, துணி தலைக்கு ஏறவேணும். நெஞ்சுக்கூட்டின்ர உயரத்துக்கு வந்தாப் போதும், முகத்துக்கு நேர தேவையில்லை.

பாயில இருக்கப் போறியள் எண்டால், தூணை விட்டிட்டுச் சுவரில சாயுங்கோ. தூண் முதுகில ஒரு கீற்றைத்தான் தாங்கும். கீழ பலகைக்கட்டையோ, இறுக்கி மடிச்ச போர்வையோ போட்டு அதில இருங்கோ. இடுப்பு முழங்காலை விட உயர இருந்தா நாரி தானா நிமிரும். வெறும் நிலத்தில ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டினா இடுப்பெலும்பு பின்னுக்குச் சரிஞ்சு, ஒரு பக்கமாத் திரும்பியும் போகும். உங்கட நாரி நோவுக்கு நான் முதல்ல சந்தேகப்படுறது அதைத்தான். இரண்டு முழங்கைக்குக் கீழயும் தலகணி வையுங்கோ. கை அந்தரத்தில தொங்கிக்கொண்டு இருந்தா அதின்ர பாரம் முழுக்கத் தோள்ப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில இருக்கிற தசையிலதான் விழும்.

நேரம். தொடக்கத்தில ஒரு இருப்புக்குப் பதினைஞ்சு நிமிசம், காலமை ஒருக்கா பின்னேரம் ஒருக்கா. ரெலிபோனில மணி வையுங்கோ, “இந்த ஊசியோட முடிக்கிறன்” எண்டு நினைச்சா அரை மணித்தியாலம் போயிடும் எண்டு உங்களுக்கே தெரியும். தைக்கேக்க கொஞ்சம் இறுகிறது பரவாயில்லை. அடுத்த நாள் காலமை எழும்பேக்க எப்பிடி எண்டதைப் பாருங்கோ. வழமை போல இருந்தா அடுத்த கிழமை அஞ்சு நிமிசம் கூட்டலாம். கூடியிருந்தா குறையுங்கோ, ஆனா விட்டிட வேண்டாம்.

இன்னொரு விசயம் ஒருத்தரும் கேக்கிறேல்லை. தைக்காத நேரம் என்ன செய்யிறியள்? கச்சான் (நிலக்கடலை) உடைக்கிறது, கீரை ஆயிறது, திருவலையில இருந்து தேங்காய் திருவிறது, கட்டை விளக்குமாத்தால முத்தம் கூட்டுறது, எல்லாம் அதே குனிவுதான். தைக்கிறதை நிப்பாட்டியும் நோ போகேல்லை எண்டியள், காரணம் இதாவும் இருக்கலாம். கச்சான் உடைச்ச நாளில தைக்காதேங்கோ. தைக்கிற நாளில தேங்காயை வேற ஆரிட்டையும் குடுங்கோ. விளக்குமாத்துக்கு நீளத் தடி போடுங்கோ.

மணி அடிச்ச உடன எழும்பி நிண்டு, இரண்டு கையையும் நாரியில வைச்சுப் பின்னுக்கு வளைஞ்சு நிமிருங்கோ, நாலைஞ்சு தரம். பிறகு நாடியை நேர பின்னுக்கு இழுங்கோ. தலை குனியக் கூடாது, அண்ணாக்கவும் கூடாது. இரட்டை நாடி விழுகிற மாதிரி உள்ளுக்கு. அஞ்சு செக்கன் பிடிச்சு விடுங்கோ, பத்துத் தரம். தோள்ப்பட்டை இரண்டையும் பின்னுக்குச் சேத்து அதே மாதிரி.

பீஸ் விசயம் முக்கியம், கவனமா வாசியுங்கோ. எங்க போய் என்ன வைத்தியம் செய்தாலும் முதல் சொல்லுறது அதுவா இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னா உள்ள போக முதல் சொல்லவேணும், அது பெரிய காந்தம், இரும்புத் துண்டு அசையலாம், சுடலாம். எக்ஸ்றேக்கும் சி.ரி. ஸ்கானுக்கும் அந்தப் பயம் இல்லை. பிசியோவில ‘சோட் வேவ்’ எண்டு மெசினால சூடு பிடிக்கிறவை, உள்ள உலோகம் இருக்கிற இடத்தில அது பிடிக்கக் கூடாது, உலோகம் தனியாச் சூடேறும். வீட்டில சுடுதண்ணிப் பையால, நொச்சி இலையால ஒத்தணம் பிடிக்கிறது வேற, அதைச் செய்யலாம். நோ பீஸாலயோ எண்டதை இங்க இருந்து சொல்லேலாது. ஒண்டு கவனியுங்கோ: கழுத்தை அசைக்க நோ கூடிக் குறையுதெண்டால் தசையும் மூட்டும்தான் கூடுதலாக் காரணம்.

கை விரல் விறைச்சு ஊசி நழுவுதோ, சாமான் கையால விழுகுதோ, நடக்கக் கால் தடுமாறுதோ, சலம் அடக்கேலாம இருக்கோ? இதில ஒண்டு இருந்தாலும் தையலைப் பற்றிக் கதைக்க வேண்டாம், உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

வான்காரத் தம்பி, உமக்கும் நாடிப் பயிற்சிதான். சிவப்பு லைற்றில செய்யும்.

வான்காரன்

வன்னியில எங்க அக்கா சிவப்பு லைற்? மாட்டுக்கு நிக்கேக்க செய்யிறன்.

பரந்தன் ரெயிலர்

தங்கச்சி, துணியை உயர்த்தச் சொல்லீட்டினம், எப்பிடி உயர்த்துறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் நாப்பது வருசத்துக்குக் கிட்ட மெசினுக்கு முன்னால இருந்தவன், நாரி எண்டா என்ன எண்டு எனக்கும் தெரியும். வெளிநாட்டில தைக்கிற ஆக்கள் ஸ்ராண்ட் வைச்சிருப்பினம். இங்க அதைத் தேட வேண்டாம். ஹாட்வெயாரில அரை இஞ்சி எஸ்லோன் பைப், தண்ணிக்குப் போடுற பிளாஸ்ரிக் குழாய், ஒண்டு வாங்குங்கோ.

பீட விரிப்புக்கு வட்டப் பிறேம் சரிவராது. பெரிய துணி, வளையத்தின்ர அடையாளம் விழும், கையால பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டும் போகும். பைப்பில நாலு துண்டு வெட்டி, மூலைக்கு மூலை எல்போ எண்டிற வளைஞ்ச இணைப்பு நாலு போட்டா ஒரு சதுரச் சட்டம். ஒரு பக்கம் ஒரு அடி, அதுக்கு மேல வேண்டாம், கை எட்டாது. துணியைச் சட்டத்துக்கு மேல விரிச்சு, கிளிப்பால பிடிக்கவேணும். கிளிப்பும் பைப்தான். முக்கால் இஞ்சிப் பைப்பில சட்டத்தின்ர பக்கத்தை விடக் கொஞ்சம் கட்டையாத் துண்டு வெட்டி, நீளப்பாட்டில ஒரு கீற்றை அறுத்து எடுத்துவிடுங்கோ. வட்டத்தில மூண்டில ஒரு பங்குக்குக் குறைவா எடுத்தாப் போதும். மிச்சம் அரை இஞ்சிப் பைப்பில துணியோட சேத்து அழுத்த ‘டக்’ எண்டு ஏறிப் பிடிக்கும். துணி தொய்ஞ்சா கிளிப்பை வெளிப்பக்கமாத் திருகிவிட மேளம் மாதிரி இறுகும்.

அறுத்த விளிம்பை மண்கடதாசி போட்டு வழுவழுப்பாத் தேயுங்கோ, இல்லாட்டி உங்கட வெள்ளைத் துணியில இழை அறும். பைப்பில கம்பனிக்காரன் அடிச்ச எழுத்து இருக்கும், தின்னர் தொட்டுத் துடைச்சு எடுங்கோ, அந்த மை துணியில ஏறினா போகாது. எல்போவுக்குப் பசை பூச வேண்டாம். கழட்டி வைக்கலாம், பிறகு பெரிசாவும் மாத்தலாம்.

நிண்டு பிடிக்க: அடிப்பக்கத்துக் குழாயில ரீ எண்டிற ‘T’ வடிவ இணைப்பு இரண்டு போட்டு, கால் இரண்டு இறக்கி, கீழ குறுக்குக் குழாய் குடுத்தா ஒரு சின்ன வாங்கு மாதிரி மடிக்கு மேல நிக்கும். காலின்ர உயரம் நீங்கள் பலகைக்கட்டையில இருந்து பாத்து அளவெடுங்கோ. மேல்ப்பக்கம் கொஞ்சம் உங்களைப் பாத்துச் சரிஞ்சு நிக்கட்டும். அப்ப இரண்டு கையும் விடுபட்டிடும், ஒரு கை மேல, ஒரு கை கீழ. மேல் கை குத்தும், கீழ்க் கை வாங்கித் திருப்பிக் குத்தும். முதல்ல கீழ்க் கை குருடன் மாதிரித் தடவும், பழகிடும். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பித் தைக்கிற வேலை இல்லாமப் போனா தோள் பாதி தப்பும்.

கடைசி ஒண்டு. தைக்காத பக்கத்துத் துணியை மடியில குவிக்காதேங்கோ. பழைய தோய்ச்ச பெட்சீற்றில சுருட்டி ஊசி குத்தி, பக்கத்தில ஸ்ரூலில வையுங்கோ. தொங்கிற துணி கையை இழுத்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கு அது தெரியாது, தோளுக்குத் தெரியும்.

ஆரிப்பிள்ளை

அன்ரி, நான் பிளவுஸுக்கு ஆரி வேலை செய்யிறனான். எங்களுக்குச் சட்டத்தை இரண்டு கதிரைக்கு நடுவில படுக்கப் போட்டுத்தான் பழக்கினவை, இருபத்தைஞ்சு வயதிலயே எனக்கு முதுகு பிடிக்குது. அங்கிள் சொன்ன மாதிரிச் சரிச்சு வைச்சுப் பாக்கப் போறன்.

நூலை நீளமா எடுக்காதேங்கோ. விரல் நுனியில இருந்து முழங்கை வரைக்கும் போதும். நீள நூல் எடுத்தா ஒவ்வொரு தரமும் கையை விரிச்சு இழுக்கவேணும், பருத்தி நூலும் தேஞ்சு பொச்சாகும். முந்திரிகைக்கு நிரப்புத் தையல் போடுறதுக்குப் பதிலா முடிச்சுத் தையல் போட்டா என்ன? ஆறு இழையையும் பிரிக்காம அப்பிடியே போட்டா ஒரு முடிச்சே உருண்டையாத் தெரியும், தூரத்தில இருந்து வடிவு. கண்ணுக்கும் வேலை குறைவு.

வட்டக்கச்சி அக்கா

எல்லாருக்கும் சேத்துச் சொல்லுறன், நன்றி. நூல் பெட்டி கீழ இறங்கீட்டுது. அங்கர் நூல் கட்டுகள் பழுதில்லை, பச்சை மட்டும் கொஞ்சம் மங்கிப் போச்சு. அதைக் கொடி இலைக்குப் பாவிக்கலாம், பழுத்த இலை எண்டு நினைப்பினம்.

அண்ணை, உங்கட பைப் சட்டத்தைத் தம்பியின்ர பெடியன் ஒரு பின்னேரத்தில செய்து தந்திட்டான். கிளிப் ‘டக்’ எண்டு ஏறுதெண்டு சொன்னியள், உண்மைதான், விரல் நசிஞ்சா என்ன சொல்லவேணும் எண்டு நீங்கள் சொல்லேல்லை. சுவருக்கு மாறி, பலகைக்கட்டை போட்டு, இரண்டு பக்கமும் தலகணி வைச்சு இருக்கிறன். மாமி பாத்திட்டு, பிள்ளைப்பெத்தவள் மாதிரி இருக்கிறாய் எண்டு சிரிக்கிறா.

நாரி நல்ல குறைவு. தோளும் பரவாயில்லை. பிள்ளை, முடிச்சுத் தையல் யோசனை நல்லது. ஆனா மடத்துச் சிஸ்ரர் இருந்திருந்தா முந்திரிகைக்கு முடிச்சோ எண்டு கேட்டிருப்பா, அதால வெளிக் குலையளுக்கு முடிச்சு, நடுவில இருக்கிற பெரிய குலைக்கு மட்டும் நிரப்புத் தையல் எண்டு பேசித் தீத்திருக்கிறன். என்னோட நானே பேசினதுதான்.

ஆனா ஒரு புதுக் கரைச்சல். முந்தி நோ பிடரிக்குக் கீழ. இப்ப மேல ஏறி மண்டை தொடங்கிற இடத்தில பிடிக்குது, தலையிடியும் வருது. முந்தி இப்பிடி இருந்ததில்லை. துணியை நெஞ்சளவுக்கு உயர்த்தினதுக்குப் பிறகுதான். பிசியோப் பிள்ளை சொன்னபடிதான் இருக்கிறன், தலை குனியிறதே இல்லை. இன்னும் உயர்த்தவேணுமோ, பதிக்கவேணுமோ?

வவுனியா பிசியோ

அக்கா, தைக்கேக்க ஆரையும் விட்டுப் பக்கப்பாடா ஒரு படம் எடுப்பியுங்கோ. எடுக்கப் போறன் எண்டு சொல்லாம எடுக்கச் சொல்லுங்கோ, சொன்னா எல்லாரும் நிமிர்ந்திடுவினம். கண்ணாடி போடுறனீங்களோ?

வட்டக்கச்சி அக்கா

எடுப்பிச்சன். பாத்தா, நாடி மேல தூக்கிக்கொண்டு, மூக்குக்குக் கீழால பாத்துத் தைக்கிறன். கோழி தண்ணி குடிச்சிட்டு நிமிர்ந்த கணக்கு. கண்ணாடி ஓம், மேல தூரத்துக்கு, கீழ கிட்டப்பார்வைக்கு, நடுவில கோடு விழுந்தது.

புதுக்குடியிருப்பு ரீச்சர்

அதுதான் விசயம். நான் மனையியல் படிப்பிச்ச ஆள், எனக்கும் உதே கண்ணாடியால உதே இடத்தில நோ வந்தது, அதால சொல்லுறன்.

பைபோக்கல் கண்ணாடியில கிட்டப் பாக்கிற துண்டு கீழ இருக்கு. துணி மடியில கிடக்கேக்க கண் கீழ போகும், அந்தத் துண்டால தெரியும். இப்ப துணி உயரத்துக்கு வந்திட்டுது, கண்ணுக்கு நேர இருக்கிறது தூரத்துக்கான பகுதி. கீழ்த் துண்டைத் துணிக்கு நேர கொண்டுவர நீங்கள் நாடியைத் தூக்குறியள். கழுத்து முன்னுக்கு மடங்கிறது நிண்டு பின்னுக்கு மடங்கத் தொடங்கீட்டுது. சட்டத்தை ஏத்தி இறக்கி இது தீராது. தையலுக்கெண்டு தனிக் கண்ணாடி வேணும், முழுக் கண்ணாடியும் கிட்டப் பார்வைக்கு மட்டும்.

வாங்கப் போக முதல் ஒரு வேலை செய்யுங்கோ. வடிவாச் சாஞ்சு இருந்து, ஊசி எங்க நிக்குதோ அதுக்கும் கண்ணுக்கும் இடையில எவ்வளவு எண்டு அளவு நாடாவால ஆரையும் அளக்கச் சொல்லுங்கோ. அந்த எண்ணை எழுதிக் கொண்டுபோய்க் கண் பாக்கிறவரிட்டக் குடுங்கோ. “கிட்டப் பாக்க” எண்டு மட்டும் சொன்னா புத்தகம் வாசிக்கிற தூரத்துக்குத்தான் தருவினம். 40 சென்ரிமீற்றரில தெளிவாப் பாக்க வேண்டிய சக்தி 2.5, 50 சென்ரிமீற்றருக்கு 2. கண்ணின்ர சொந்தச் சக்தி எவ்வளவு மிஞ்சியிருக்கெண்டு பாத்து, அதைக் கழிச்சுத்தான் தருவினம். தூரப் பார்வைக்கு நம்பர் இருந்தா அதையும் சேப்பினம். அதால ரவுணில றோட்டோரம் தொங்கிற கண்ணாடியில ஒண்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வராதேங்கோ. இரண்டு கண்ணும் ஒரே நம்பர் இல்லையெண்டால் அது தலையிடியைக் கூட்டும்.

தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழும்பி நடக்காதேங்கோ, தரை அலையிற மாதிரி இருக்கும். மணி அடிச்சு எழும்பேக்க கழட்டிச் சட்டத்தில தொங்கவிடுங்கோ.

வெளிச்சத்தையும் பாருங்கோ. வலக்கைக்காரி எண்டால் இடப்பக்கத்தால வரவேணும், இல்லாட்டி உங்கட கையின்ர நிழலே ஊசியில விழும், நிழலுக்குத் தலை முன்னுக்குப் போகும். சுவருக்கு மாறேக்க பக்கம் மாறிப் போச்சோ தெரியாது. வெள்ளைத் துணியில வெள்ளை நூல் வேலை எண்டு ஆரும் கேட்டா மட்டும் ஏற்காதேங்கோ. கண்ணும் கழுத்தும் சேந்து போகும்.

வட்டக்கச்சி அக்கா

ரீச்சர், கண்ணாடி வந்திட்டுது. அளந்த எண்ணைக் கடதாசியில எழுதிக் குடுக்க, அந்தப் பிள்ளை ஆச்சரியப்பட்டு, தையலுக்கோ எண்டு கேட்டவ. தாயும் தைக்கிறவவாம். மண்டைக்குப் பின்னால பிடிச்சது விட்டிட்டுது. வெளிச்சமும் நீங்கள் சொன்னதுதான், வலப்பக்கத்தால வந்தது. சுவரின்ர மற்றத் தொங்கலுக்குப் பாயை இழுத்திட்டன்.

நோ முழுக்கப் போச்சோ எண்டு மாமி கேட்டவ. இல்லை. மழை இருட்டின நாளில தோள்ப்பட்டை தன்ர கதையைச் சொல்லும். கச்சான் உடைச்ச அண்டைக்கு ஊசியைத் தொடுறேல்லை, அதில பிசியோப் பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு. கச்சான் உடைக்கத்தான் ஆள் கிடைக்கிறேல்லை, தைக்கிறதைப் பாக்க எல்லாரும் வருவினம். இப்ப ஒரு இருப்புக்கு இருபத்தைஞ்சு நிமிசம் போகுது. அதுக்கு மேல கூட்டிற எண்ணமில்லை. கதிர் எல்லாம் காம்புத் தையலில முடிஞ்சுது, குலைக்கு வந்திட்டன்.

ரெயிலர் அண்ணை, இப்ப நான் கேக்கிறது கழுத்தைப் பற்றி இல்லை. நடுக் குலையின்ர படத்தைத் துணியில இறக்கவேணும். வீட்டில இருக்கிறது நீலக் காபன் கடதாசி. கடையில தண்ணி பட்டாப் போற நீலப் பேனை ஒண்டு விக்கிறாங்கள். எது நம்பிக்கை?

பரந்தன் ரெயிலர்

காபன் வேண்டாம் தங்கச்சி. வெள்ளைத் துணியில கை பட்டு இழுபடும், தோய்ச்சாலும் ஒரு நீலச் சாயல் நிக்கும். பேனை நல்லது, ஆனா அதே துணியில ஒரு மூலை வெட்டுத் துண்டில கீறி, தோய்ச்சுப் பாத்திட்டுத் தொடங்குங்கோ. தைச்சு முடிஞ்ச உடன பச்சைத் தண்ணியில நல்லா ஊறவிட்டு, கோடு முழுக்கப் போனதுக்குப் பிறகுதான் அயன் போடவேணும். கோடு இருக்கேக்க சூடு பட்டா பிறகு அது துணியை விட்டுப் போகாது. படத்தைச் சன்னல் கண்ணாடியில ஒட்டி, துணியை மேல பிடிச்சு, நிண்டுகொண்டு கீறுங்கோ. மேசையில குனிஞ்சு கீறிப் போட்டு வந்து என்னைப் பேசாதேங்கோ.